பூஜ்யம் தொட்ட ரோட்ஸ்டர்

ஒரு கார் எதுவரை கார், எப்போது அது கலை ஆகிறது என்பதில் பேக்கர்ஸ்ஃபீல்டுக்காரர்களான எங்களுக்கு நெடுநாள் குழப்பம் இருந்தது. ஸ்காட்ஸ்டேலில் ஏலம் நடத்தும் உருள்கலை ஆணையம் கருணை கூர்ந்து அதைத் தீர்த்து வைத்தது. ஓடிய மைலைக் காட்டும் மீட்டரில் பூஜ்யம் இருந்தால் அது உருளும் சிற்பம். ஒரு மைல் ஏறிவிட்டாலும் பழைய கார். சிற்பங்களுக்கு நடு அரங்கமும் கம்பளமும் உண்டு. பழைய கார்களுக்குக் கழிப்பறைப் பக்கம் இடம் ஒதுக்கப்படும்.

இதில் மாட்டிக்கொண்டவன் என் நண்பன் வெண்டல் ஸ்ட்ரூப். முப்பத்திரண்டாம் வருஷத்து, கூரையில்லாத ஃபோர்டு ரோட்ஸ்டர் ஒன்றின் மட்கார்டைக் கழற்றி, பெரிய இன்ஜினைத் திணித்து, மூக்கிலிருந்து கதவு வரை தீ நாக்கு வரைந்து, பாதி ஆயுசை அதற்கே கொடுத்தவன். இப்போது அவனுடைய இடது முட்டி கிளட்சை மிதிக்க மாட்டேன் என்கிறது. ஓடாத கார் செத்த கார் என்பது வெண்டலின் கட்சி. ஆகவே ஓட்டுகிறவன் ஒருவன் கையில் அதை ஒப்படைத்துவிட வேண்டும் என்று துடித்தான். அப்படிப்பட்டவன் கண்ணில் பட வேண்டுமென்றால் வண்டி நடு அரங்கத்தில் நிற்க வேண்டும். நடு அரங்கத்தில் நிற்க வேண்டுமென்றால் அது ஓடியிருக்கக் கூடாது. வெண்டலின் வண்டி ஐந்நூறு மைல் ஓடியிருந்தது.

ஆணையத்துக்குப் போன் போட்டான். தகுதி நிர்ணய அதிகாரி ஆர்டிஸ் வான்ஹார்ன் அம்மையார் எடுத்தார்.

"மேடம், ஓட்டிப் பாக்காம பிரேக் பிடிக்குதான்னு எப்படித் தெரியும்?"

"சிற்பத்துக்கு பிரேக் எதுக்குங்க சார்?"

"சரி, மீட்டரைத் திருப்பி வெச்சிடட்டுமா?"

"கையால திருப்பினா ஜெயில். அதுவா திரும்பினா எங்களுக்கு ஆட்சேபணை இல்ல."

அதுவாகத் திரும்ப ஒரு வழி இருந்தது. அந்தக் காலத்து மீட்டர் அது. வண்டி பின்னால் போனால் எண்ணும் பின்னால் போகும். எங்கள் ஊரிலிருந்து ஸ்காட்ஸ்டேல் எவ்வளவு தூரம் என்று பார்த்தோம். ஏறத்தாழ ஐந்நூறு மைல். தெய்வ சங்கல்பம் என்றே தோன்றியது. எங்கள் ஊர் ரோட்ஸ்டர் கிளப் கூட்டம் கூடி, உறுப்பினர்களில் கழுத்து நன்றாகத் திரும்புகிறவன் நான்தான் என்று ஏகமனதாகத் தீர்மானித்து, என்னை ஸ்டியரிங்கில் உட்கார வைத்தது.

பாலைவனம் முழுக்க ரிவர்ஸிலேயே போனோம். நான் பின்னால் பார்த்து ஓட்ட, வெண்டல் பக்கத்தில் உட்கார்ந்து, தாண்டி வந்த ஊர்களைப் பார்த்து ரசித்துக்கொண்டு வந்தான். பார்ஸ்டோவுக்கு அப்பால் ரோந்து போலீஸ்காரர் ஒருவர் மறித்தார். வண்டிக்குப் பின்பக்கம் எது என்று கண்டுபிடிக்கவே அவருக்குச் சற்று நேரம் ஆயிற்று.

"எங்க போறீங்க?"

"ஸ்காட்ஸ்டேலுக்கு."

"ஸ்காட்ஸ்டேல் அந்தப் பக்கம்தானே? சரியாத்தானே போறீங்க?" என்றவர் யோசனையில் ஆழ்ந்தார். திசை சரி, பாதை சரி, வேகம் குறைவு. மூஞ்சி மட்டும்தான் தப்பு. மூஞ்சிக்குச் சட்டத்தில் பிரிவு தேடினார், அகப்படவில்லை. பின்னால் வருகிறவர்களுக்குக் கண் கூசும் என்று ஹெட்லைட்டுக்குத் துணி கட்டச் சொல்லி அனுப்பிவைத்தார்.

போய்ச் சேர்ந்தபோது இரண்டு மைல் பாக்கி இருந்தது. அரங்கத்தை ரிவர்ஸிலேயே சுற்றிச் சுற்றி வந்து பூஜ்யம் ஆக்கினோம். ஆர்டிஸ் அம்மையார் வெள்ளைக் கையுறையோடு வந்து மீட்டரைப் பார்த்துக் கண் கலங்கினார். பிறகு பின்பக்கம் போய், இவ்வளவு பூச்சி எப்படி அப்பியிருக்கிறது என்று விசாரித்தார். வண்டி சும்மாதான் இருந்தது, பூச்சிகள்தான் வந்து மோதின என்றான் வெண்டல். "சாலையின் மாசறியாச் சிற்பம், பின்புறத்தில் இயற்கையின் பங்களிப்பு உண்டு" என்று சான்றிதழ் வழங்கப்பட்டது.

ஏலத்தில் வென்றவர் கார்லண்ட் டீட்டர் என்ற பல் வைத்தியர். எங்கள் ஊர்தான், வெண்டல் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி. சுத்தியல் விழுவதற்கு முன்னால் வெண்டல் எழுந்து நின்றான்.

"ஒரே ஒரு நிபந்தனை. வாரத்துக்கு ஒரு தடவையாவது இதை ஓட்டணும். முடியாதுன்னா நான் குடுக்கல."

அரங்கம் திடுக்கிட்டது. சிற்பத்தை ஓட்டுவதா என்று ஆர்டிஸ் அம்மையார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். வைத்தியர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்துவிட்டு, சம்மதம் என்றார். வெண்டல் சந்தோஷத்தில் அழுதே விட்டான், அவனைக் கட்டிப்பிடிக்கத் திரும்பினேன். கழுத்து பின்பக்கமாகவே பிடித்துக்கொண்டிருந்தது.

சிற்பம் லாரியில் ஊர் திரும்பியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெண்டல் தெருமுனையில் மடக்கு நாற்காலி போட்டுக் காத்திருந்தான். வைத்தியர் வாக்குத் தவறவில்லை. டோனட் கடை வரை ஒரு மைல் ஓட்டிப் போனார். டோனட் வாங்கிக்கொண்டு, அதே ஒரு மைலை ரிவர்ஸில் ஓட்டி வீட்டுக்கு வந்தார். மீட்டரில் பூஜ்யம். நிபந்தனையும் நிறைவேறியது, கலையும் பிழைத்தது.

இந்த யோசனை எங்கள் கிளப்பில் யாருக்கும் இதுவரை தோன்றவில்லையே என்று எல்லோரும் வெட்கப்பட்டோம். இப்போது ஞாயிறுதோறும் நாற்பது ரோட்ஸ்டர்கள் முன்னால் போய்ப் பின்னால் வருகின்றன. நகராட்சி எங்களுக்கென்று தனிப்பாதை போட்டுத் தந்திருக்கிறது. கழுத்து வைத்தியர் புதுக் கட்டடம் கட்டுகிறார். என் வண்டியும் போன மாதம்தான் பூஜ்யத்தைத் தொட்டது.

நேற்று வெண்டல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான்.

"டேய், என்னை ஒரு தடவை மலை வரைக்கும் கூட்டிட்டுப் போடா. ரோட்டைப் பாத்துக்கிட்டே போகணும், ரோட்டைப் பாத்துக்கிட்டே வரணும். வேற ஒண்ணும் வேணாம்."

முப்பது வருஷ சிநேகிதம். ரொம்ப நேரம் யோசித்தேன்.

"போகும்போது கூட்டிட்டுப் போறேன், வெண்டல். வரும்போது நீ மட்டும் பஸ்ல வந்துடேன்."

அவன் கைத்தடியைத் திருப்பி ஊன்றினான். பிறகு மலைப் பக்கமாக நொண்டி நொண்டி நடக்க ஆரம்பித்தான். எனக்குப் பொறுக்கவில்லை, வண்டியை எடுத்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன். தெருமுனையில் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தபோது மீட்டரில் பூஜ்யம் லேசாக அசைந்தது. ரிவர்ஸ் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.