காரை டாக்டர் சொன்ன சாட்சி

எம்.ஏ. படித்து, கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து, கல்யாணமும் செய்துகொண்ட பிறகுகூட, என் கீழ்வரிசைப் பற்களுக்குப் பின்னால் மஞ்சளாகக் கெட்டிப்பட்டிருந்ததை எலும்பு என்றே நினைத்திருந்தேன். பற்கள் சாய்ந்துவிடாமலிருக்க இயற்கை கட்டிய கைப்பிடிச் சுவர். அதற்கு நோகாமல் பல் தேய்ப்பேன். நான் பேசும்போது மனைவி சற்றுத் தள்ளி உட்காருவதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஈறில் ரத்தம் கசியத் தொடங்கியதும்தான் கீழவாசலுக்கு, காரை டாக்டரிடம் போனேன்.

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே மனித முகத்தைப் பார்க்காமல் வாழ்ந்த ஒரே ஆள் அவர். வாய்க்கு மேலே மூக்கு, கண் எல்லாம் இருப்பது அவருக்கு வெறும் வதந்தி. தெருவில் வணக்கம் சொன்னால் திருதிருவென்று விழிப்பார். சிரித்துவிட்டாலோ, "அடடே, நீங்களா! அந்த மேல்வரிசை கோணப்பல்லு!" என்று கையைப் பிடித்துக்கொள்வார். ஒரு சாவு வீட்டில் வாய்விட்டு அழுதுகொண்டிருந்த அம்மாளிடம் குனிந்து, "காரியமெல்லாம் முடிஞ்சதும் ஒரு நடை வந்துடுங்கம்மா, பல்லுல காரை நிறைய இருக்கு" என்றவர். அதிலிருந்துதான் அந்தப் பெயர்.

பல்லைப் பிடுங்கச் சொல்லி வருபவரை, கொலைக்கு ஆள் தேடி வந்தவரைப் போலப் பார்ப்பார். சுத்தம் செய்வதுதான் அவர் மதம். சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும் என்ற ஊர் நம்பிக்கைதான் அவருடைய ஜென்ம விரோதி. கூலித் தகராறில் எதிரும் புதிருமாக நின்ற பண்ணையார்களும் விவசாயத் தொழிலாளர்களும் அந்தக் காலத்தில் மனமொத்துப் போன விஷயம் அது ஒன்றுதான்.

நாற்காலியில் என்னைச் சாய்த்ததும் பிரசங்கம் ஆரம்பமாயிற்று.

"முதல்ல கண்ணாடி விட்டுப் பார்ப்பேன். அப்புறம் சுரண்டுவேன். வலிக்காதுன்னு பொய் சொல்ல மாட்டேன், கூசும். ரத்தம் வரும். அது என் கையால வர்றதில்ல, நீங்க ஈறை வெச்சிருக்கிற லட்சணத்தால வர்றது. காரை போனதும் நடுவுல சந்து தெரியும். நாக்கு அங்கேயே போய்த் துழாவும். பல்லு ஆடுற மாதிரி இருக்கும். ஆனா ஆடாது! ரெண்டு நாளைக்கு ஜில்லுனு எதுவும் குடிக்காதீங்க. வெத்திலைங்கிற வார்த்தையே வாயில வரக்கூடாது."

என் கைப்பிடிச் சுவர் துண்டு துண்டாகக் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தபோது கதவைத் திறந்துகொண்டு ஒருவர் வந்தார். பூதலூர்ப் பக்கத்துப் பண்ணையார் ஒருவரின் காரியஸ்தர். வம்பு வழக்குகளைக் கவனிப்பது அவர் வேலை. பண்ணையாருக்கு ஆட்சி மாறினால் துண்டின் கரையும் மாறும். நிலம் மட்டும் மாறாது.

அந்த அறுவடையில் கூலி கூட்டிக் கேட்டு ஆட்கள் வேலையை நிறுத்தியிருந்தார்கள். பண்ணையார் வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். வயலில் இறங்கி மறித்த வீரையன் என்ற தொழிலாளியை மூங்கில் தடியால் வாயிலேயே அடித்தார்கள். முன்பல் இரண்டும் போயின. வழக்கு நடந்துகொண்டிருந்தது. அடிபடுவதற்குச் சற்று முன்புதான் வீரையன் காரை டாக்டரிடம் வந்து பல் சுத்தம் செய்துகொண்டு போயிருந்தான்.

"பெருசா ஒண்ணும் இல்லைங்க டாக்டர்" என்றார் காரியஸ்தர். "நீங்க சுத்தம் பண்ணினீங்க, பல்லு ஆட்டம் கண்டுச்சு. பய வரப்புல வழுக்கி விழுந்தான், கொட்டிப்போச்சு. இதைக் கோர்ட்டுல சொல்லிட்டாப் போதும்."

என் வாய்க்குள் கருவி நின்றது.

"எதனால ஆட்டம் கண்டுச்சு?"

"நீங்க சுரண்டினதாலதான். ஊருக்கே தெரிஞ்சதுதானுங்களே."

கருவி என் ஈறுக்குள் இறங்கியது. நான் "ஆ... ஆ..." என்று அலறினேன்.

"பாருங்க, சாரே ஆமாங்கிறாரு" என்றார் காரியஸ்தர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்தக் கட்டடம் ஐயாவோட சம்பந்தி கட்டடம். ஞாபகம் இருக்கட்டும்."

டாக்டர் என்னை அப்படியே விட்டுவிட்டு அவரிடம் போனார்.

"வாயைத் திறங்க."

அந்த அறையில் யார் அப்படிச் சொன்னாலும் வாய் தானாகத் திறந்துகொள்ளும். காரியஸ்தரும் திறந்தார்.

"இதுல ஒரு வண்டிக் காரை இருக்கு. நான் உளி வெச்சுப் பேத்தாலும் ஒரு பல்லு விழாது. தடியால அடிச்சாத்தான் விழும். உங்க ஐயாகிட்டப் போய்ச் சொல்லுங்க."

வழக்கன்று நானும் கோர்ட்டுக்குப் போனேன். வீரையனோடு வயலில் நின்றவர்கள் ஒவ்வொருவராக ஏறி, "நான் பார்க்கலீங்க" என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் குடியிருந்த மனையும் பண்ணையுடையது. கடைசியில் டாக்டர்.

"இந்த ஆளைத் தெரியுமா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.

டாக்டர் வீரையன் முகத்தை உற்றுப் பார்த்தார். "தெரியாது."

வக்கீல் கிட்டத்தட்ட நடனமே ஆடிவிட்டார்.

"வாயைத் திறக்கச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

நீதிபதி அனுமதித்தார். டாக்டர் கூண்டை விட்டு இறங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்கு வீரையனைத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். திரும்பியபோது குரல் உடைந்திருந்தது.

"இவர்தாங்க. என் கையால சுத்தம் பண்ணின பல்லு. கல்லு மாதிரி இருந்துச்சு. பாதி வேர் முறிஞ்சு உள்ளேயே நிக்குது பாருங்க. ஆட்டம் கண்டு விழுற பல்லு வேரை விட்டுட்டுப் போகாதுங்க." உடனே வீரையனிடம், "மறுபடி வெத்திலை போடுறீங்களா? வெட்கமா இல்ல?"

அந்த வழக்கில் வீரையனை 'இவர்' என்று சொன்னது அவர் ஒருவர்தான்.

அடித்த இருவருக்குச் சொற்பமாக ஏதோ தண்டனை கிடைத்தது. அடிக்கச் சொன்னவர் பெயர் வழக்கிலேயே வரவில்லை. ஆனால் காரை டாக்டரிடம் போனால் பல் கொட்டிவிடும், அதற்குக் கோர்ட்டில் கேஸே நடந்தது என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. மூன்று பக்கமும் காலியான பெஞ்சுகளுக்கு நடுவில் டாக்டர் கொஞ்சகாலம் உட்கார்ந்திருந்தார். பிறகு கட்டடத்தையும் காலி செய்யச் சொன்னார்கள். நாற்காலியை லாரியில் ஏற்றிக்கொண்டு பேராவூரணிக்குப் போனார். சாகும்வரை அங்கே தென்னந்தோப்புக்காரர்களின் காரையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார் என்று கேள்வி.

அவர் இறந்த செய்தி வந்ததும் வீரையனையும் அழைத்துக்கொண்டு போனேன். அவருக்கும் அதற்குள் தலை நரைத்திருந்தது. டாக்டரின் வாயை வழக்கப்படி துணியால் கட்டியிருந்தார்கள். எத்தனை வாய்களுக்குள் குனிந்த மனிதர். அவர் சிரித்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தத் துணியைச் சற்றுத் தளர்த்திவிடலாமா என்றுகூடக் கை போயிற்று.

திரும்பும் பஸ்ஸில் எனக்குப் பேசாமலிருக்க முடியவில்லை. "உங்களுக்காகத் தொழிலையே இழந்தாரே வீரையன், மகா மனுஷர்" என்றேன்.

வீரையன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "எனக்காக இல்லீங்க சார். அன்னைக்கு அடியில நான் செத்தே போயிருந்தாலும் டாக்டர் கோர்ட்டுப் பக்கம் வந்திருக்க மாட்டாரு. அவர் சுத்தம் பண்ணின பல்லு தானா விழுந்துச்சுன்னு சொன்னாங்க பாருங்க, அதைத்தான் அவரால தாங்கிக்க முடியலை."