கடனட்டையா, கடன் வசதியா: மைத்துனருக்கு ஒரு தீர்க்கமான பதில்

உடுவில்,
22.05.2025

அன்பும் பொறுமையும் மிக்க மைத்துனர் பரமலிங்கத்துக்கு,

இங்கே நானும் உமது அக்கா மகாதேவியும் ஆண்டவன் அருளாலும் இரத்த அழுத்தக் குளிசையாலும் நலமாக இருக்கிறோம். கிளிநொச்சியில் நீரும் சுபாஜினியும் பிள்ளைகளும் குளிசை இல்லாமலே நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில், "அத்தான், கிரெடிற் காட் எடுக்கிறது நல்லதோ, பாங்கிலை பேசனல் லைன் எண்டு ஒண்டு குடுக்கினமாம், அது நல்லதோ?" என்று கேட்டீர். "எழுத்தில் அறியத் தருகிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். குறை நினைக்க வேண்டாம். கூட்டுறவுத் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம் இருந்து பிரதம இலிகிதராக ஓய்வு பெற்றவன் இப்படிப்பட்ட கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்வது முறையல்ல. அதோடு அந்த நேரம் உமது அக்கா பக்கத்தில் நின்றார். அவர் காது கேட்க இந்த விடயத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. காரணம் கீழே வருகிறது.

தைப்பொங்கல் முடிந்த கையோடு வெள்ளவத்தையில் ஒரு கடைக்காரர் மகாதேவியின் கறித்தூளை எங்கோ ஒரு வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, இருநூறு கிலோ வேண்டும் என்று கேட்டார். இருநூறு கிலோ! அதுவரை மகாதேவி இடித்ததெல்லாம் அக்கம்பக்கத்துக்கும் வெளிநாடு போகிற பெட்டிகளுக்கும்தான். காசு மட்டும் அந்தக் கடைக்காரர் தூள் கைக்கு வந்து நாற்பத்தைந்து நாள் கழித்துத்தான் தருவாராம். செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், மில் கூலி, வறுக்க வருகிற இரண்டு பெண்களுக்குச் சம்பளம் என்று கூட்டிப் பார்த்தால் இரண்டு லட்சம் முன்னுக்கு வேண்டும். நகையை அடகு வைக்கலாம் என்றேன். "இந்தக் காப்பு மூண்டு தரம் அங்கை போய்வந்திட்டுது, இனி அதுக்கும் ஓய்வு குடுங்கோ" என்றார். ஆகவே இருவரும் வங்கிக்குப் போனோம்.

வங்கியில் பிரதீபா என்றொரு பிள்ளை இருந்தது. மிகவும் மரியாதையான பிள்ளை. அது ஆறுதலாக விளங்கப்படுத்தியது. நீர் கேட்ட லைன், அதாவது கடன் வசதி என்றால் வங்கி உமக்கு இவ்வளவு என்று ஓர் எல்லை போட்டுத் தரும், தேவையானதை மட்டும் எடுக்கலாம், எடுத்த தொகைக்கு எடுத்த நாளுக்குத்தான் வட்டி, கட்டினால் திரும்பவும் எடுக்கலாம். கடனட்டை என்றால் கடையில் சாமான் வாங்கிவிட்டுப் பிறகு கட்டலாம், ஐம்பது நாள் வரைக்கும் வட்டி இல்லை. இந்த இடத்தில் நான் கையை உயர்த்திப் பிள்ளையை நிற்பாட்டினேன். "வட்டி இல்லையெண்டால் பிறகென்ன கதை? அதுதான் வேணும்" என்றேன். பிள்ளை "ஐயா, இன்னும் கொஞ்சம் சொல்ல இருக்கு" என்றது. நான் "விளங்கீற்றுது மோனை" என்றேன். மகாதேவி என் காலை மேசைக்குக் கீழே மிதித்தார். நுளம்பை நசுக்குகிறார் என்று நினைத்தேன்.

உண்மையை உமக்கு மட்டும் சொல்கிறேன். வட்டி ஒரு பக்கம் இருக்க, கடன் வசதிக்கு இரண்டு பிணையாளர் வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னதும் எனக்கு வியர்த்துவிட்டது. மகாதேவி பெயரில் எடுத்தாலும் ஒரு கையெழுத்துத்தான் நான் போடலாம். மற்றதுக்கு நிலையான வருமானம் உள்ள ஆள் என்று எங்கள் ஒழுங்கையில் இருப்பது முன்வீட்டு ஆழ்வாப்பிள்ளை ஒருவர்தான். இரண்டாயிரத்து மூன்றில் அவர் மோட்டார் சைக்கிள் வாங்கக் கடன் எடுத்தபோது பிணைக்கு என்னிடம் வந்தார். "பிணை நிற்பதில்லை என்பது என் கொள்கை" என்று அனுப்பிவிட்டேன். அன்று தொடங்கி இருபத்திரண்டு வருடம் நாங்கள் இருவரும் கதைப்பதில்லை. கோயிலில் ஐயர் திருநீறு கொண்டு வரும்போது அவர் வடக்கே பார்ப்பார், நான் தெற்கே பார்ப்பேன். அந்த மனிதரிடம் போய் எப்படி நிற்பது?

அட்டை வந்தது. பொன்நிறம். பரீட்சித்துப் பார்க்க வேண்டும் அல்லவா? சந்தியில் உள்ள வெதுப்பகத்துக்குப் போய் ஒரு பாண் கேட்டு அட்டையை நீட்டினேன். "ஆயிரம் ரூவாய்க்குக் குறைய காட் எடுக்கேலாது அண்ணை" என்றார் கடைக்காரர். பின்னால் நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்க, சில்லறைக்காகப் பையைத் துழாவுவது எனக்கு அழகாகத் தெரியவில்லை. இரண்டு பாண், ஆறு பணிஸ், நாலு மாலுபாண், ஒரு கேக் துண்டு வாங்கி ஆயிரத்தை எட்டிப் பிடித்தேன். அன்று இரவும் மறுநாள் காலையும் நாங்கள் சோறு ஆக்கவில்லை.

அடுத்த நாள் யாழ்ப்பாணம் பெரிய கடைச் சந்தையில் மிளகாய் வாங்கப் போனேன். நாற்பது கிலோவை நிறுத்துக் கட்டிய பிறகு அட்டையை எடுத்தேன். வியாபாரி அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். "அண்ணை, இதை என்ரை தராசிலைதான் தேய்க்கவேணும். மிசின் இல்லை" என்றார். மூட்டையை அவிழ்த்தார்கள். வேறொரு கடையில் மிசின் இருந்தது, ஆனால் நூற்றுக்கு மூன்று கூடப் போடுவாராம். நான் திணைக்களத்தில் பேசுவதுபோல் அவரிடம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, வெயிலுக்கை வந்திருக்கிறியள், சோடா குடிக்கிறியளோ?" என்றார். எனக்கு இன்னும் கோபம் வந்தது. அட்டையால் காசையே எடுத்துக்கொண்டு வந்து எண்ணிக் கொடுப்பேன் என்று சபதம் செய்துகொண்டு ஏ.ரி.எம்முக்கு நடந்தேன். இரகசிய இலக்கம் வந்த கடிதத்தைப் பத்திரமாக வீட்டு அலுமாரியில் பூட்டி வைத்திருந்தேன். இலக்கம் எனக்கு மனப்பாடம் என்றுதான் எண்ணம். மூன்று தரம் அடித்தேன். மூன்றாம் தரம் இயந்திரம் அட்டையை விழுங்கிவிட்டது. பின்னால் நின்ற பெடியன், "அங்கிள், இனி அது வராது, எனக்கு இடம் விடுங்கோ" என்றான்.

பிரதீபாப் பிள்ளைதான் அட்டையை மீட்டுத் தந்தது. "காசா எடுக்கப் போறியளோ ஐயா?" என்று கேட்டபோது அதன் முகத்தில் ஒரு கவலை தெரிந்தது. நான் "அது என்ரை பொறுப்பு" என்றேன். இரண்டரை லட்சம் எல்லை போட்ட அட்டையில் பாதிதான் காசாக எடுக்கலாமாம், மீதி கடையில் தேய்க்கத்தானாம். ஒரு லட்சத்து இருபத்தையாயிரத்தை எடுத்தேன். மிளகாயும் மிளகும் சீரகமும் வந்தன, கூலிக்கும் போதுமாக இருந்தது. மல்லிக்குக் காசில்லை, அந்த மிசின்காரரிடம் திரும்பிப் போக மனமும் இல்லை. மல்லி இல்லாமல் கறித்தூள் எப்படி? மகாதேவி முற்றத்தில் மிளகாயைப் பரப்பிக்கொண்டு, "இது வட்டி இல்லாக் காசோ?" என்று மட்டும் கேட்டார். "ஐம்பது நாளைக்கு ஒரு சதமும் இல்லை" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அவர் கை கழுவி, நல்ல சேலை ஒன்றை உடுத்திக்கொண்டு படலையைத் திறந்து போனார். கோயிலுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.

நாலு நாள் கழித்து பிரதீபாவிடமிருந்து அழைப்பு வந்தது. "ஐயா, மகாதேவி அன்ரியின்ரை லைனுக்கு நீங்களும் கையெழுத்து வைக்கவேணும்." மகாதேவி தன் பெயரிலேயே விண்ணப்பித்திருக்கிறார்! ஏழு வருடமாகத் தூள் விற்ற காசு அவருடைய புத்தகத்தில் மாதந்தோறும் போய்க்கொண்டிருந்ததாம். எனக்குத் தெரியாது. வங்கிக்குப் போனேன். அங்கே மர வாங்கில் வேட்டி மடிப்புக் கலையாமல் இருந்தவர் ஆழ்வாப்பிள்ளை.

மைத்துனரே, வாழ்க்கையில் பல கடினமான கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு வாங்கில் நான் இருந்ததில்லை. பத்து நிமிடம் இருவரும் சுவரில் தொங்கிய வட்டி வீதப் பலகையை வாசித்தோம். பிறகு நான்தான் வாய் திறந்தேன். "பிணை நிற்கச் சம்மதிச்சதுக்கு நன்றி" என்றேன்.

"உமக்கு ஆர் பிணை நிண்டது?" என்றார் அவர். "என்ரை மனுசி இருபது வருசமா மகாதேவியின்ரை தூளிலைதான் சமைக்கிறா. நான் தூளுக்குப் பிணை நிக்கிறன், உமக்கில்லை."

நாங்கள் இருவரும் கதைக்காமல் இருந்த அத்தனை வருடமும் எங்கள் மனைவிமார் படலைக்குப் படலை தூள் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்! எனக்கு என்ன வந்ததோ தெரியாது, "ஆழ்வாப்பிள்ளை அண்ணை, அண்டைக்கு நான் கையெழுத்து வைக்காதது கொள்கையாலை இல்லை. எனக்குப் பயம். ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள், ஒரு சம்பளம்" என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே. எனக்கும் பயம்தான், அதுதான் உம்மட்டை வந்தனான்" என்றார். பிரதீபாப் பிள்ளை படிவத்தை நீட்ட, அவருடைய பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினேன். வீட்டுக்கு அவருடைய மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துதான் வந்தேன். நல்ல வண்டி. இன்னும் ஓடுகிறது.

மகாதேவி மல்லிக்கு எழுபத்தையாயிரம் மட்டும் எடுத்தார். தூள் கொழும்புக்குப் போன கிழமையே என் அட்டைக் கணக்கு வந்து சேர்ந்தது. கட்டணமும் வட்டியுமாக எண்ணாயிரத்துச் சொச்சம்! நான் கடதாசியைத் தூக்கிக்கொண்டு வங்கிக்கு ஓடினேன். "ஐம்பது நாள் எண்டு சொன்னியே மோனை!" பிள்ளை சொன்னது: "அது சாமான் வாங்கினால் ஐயா. காசா எடுத்தால் எடுத்த நாளிலையிருந்து வட்டி, வருசத்துக்கு நூற்றுக்கு இருபத்தாறு. அண்டைக்கு அதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள் விளங்கீற்றுது எண்டியள்." மகாதேவி அன்றே நூற்றுக்குப் பதினான்கு வட்டியில் தன் கடன் வசதியிலிருந்து எடுத்து என் அட்டையை முற்றாக அடைத்துவிட்டார். சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் வெள்ளவத்தைக் காசு வந்தது. அத்தனை நாளுக்கும் அவர் கட்டிய மொத்த வட்டி மூவாயிரத்து நானூறு சொச்சம்தான். என் அட்டைக் கணக்கையும் தன் வட்டிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். நான் தேத்தண்ணி குடிக்கிற இடத்துக்கு நேரே.

ஆகவே, அனுபவத்தில் அடிபட்டவன் என்ற முறையில் என் முடிவு இதுதான்: கடனட்டையை எடுக்க வேண்டாம். கடன் வசதியையே எடும். விண்ணப்பம் எழுதுவது, பிணையாளரிடம் எந்தச் சொல்லில் தொடங்குவது, எல்லாவற்றுக்கும் நான் வழிகாட்டுகிறேன். முக்கியமாக, வங்கிப் பிள்ளை கதைத்து முடியும்வரை வாயைத் திறக்க வேண்டாம்.

உமது தோட்டமும் துரவும் செழிக்க, பிள்ளைகள் படிப்பில் முன்னேற, வீட்டில் ஒருவருக்கும் ஒரு படிவமும் நிரப்பும் தேவை வராமலிருக்க எல்லாம் வல்லவனை வேண்டி நிற்கும்,

உமது அன்பு அத்தான்,
ச. அருட்பிரகாசம்
(ஓய்வுநிலைப் பிரதம இலிகிதர்)

பி.கு: தம்பி, நான் அக்கா எழுதிறன். அத்தான் கடிதத்தை ஒட்டி வைச்சிட்டு முத்திரை வாங்கப் போயிட்டார். கேத்தில் ஆவியிலை பிடிச்சுப் பிரிச்சனான். அவர் இவ்வளவு எழுதியும் உனக்கு எவ்வளவு வேணும், ஏன் வேணும் எண்டு ஒரு வரி கேக்கேல்லை, பாத்தியோ? நான் சுபாஜினிக்குப் போன் எடுத்துக் கேட்டனான். உன்ரை தண்ணிப் பம்பி எரிஞ்சு போச்சாம், மிளகாய்க் கண்டு வாடுதாம், எண்பத்தையாயிரம் வேணுமாம், அக்காட்டைக் கேக்க உனக்கு வெக்கமாம். மடையா. காலமை உன்ரை கணக்கிலை போட்டிட்டன். தூள் வித்த லாபத்திலை எடுத்த என்ரை காசு, வட்டி கிடையாது. முதல் பறியிலை பத்துக் கிலோ செத்தல் காம்போடை காயவைச்சு அனுப்பு. அத்தான் பாவம், ரெண்டு நாள் குந்தியிருந்து எழுதினவர், வாசிச்சிட்டு நல்ல ஆலோசனை எண்டு அவருக்கு ஒரு போன் எடு. ஆனால் காட்டும் எடாதை, லைனும் எடாதை. இண்டைக்கே போய்ப் பம்பியை வாங்கித் தண்ணியை இறை.