நின்று நின்று ஓடிய ப்ளோயர்

ஏசி என்று ஒன்று சுவரில் இருந்தால் அதனுள்ளே இருக்கும் ப்ளோயர் சுற்ற வேண்டும். சுற்றினால்தான் குளிர்ந்த காற்று அறைக்குள் வரும். இதில் இரண்டு கருத்து இருக்க முடியாது என்றுதான் எங்கள் ஊழியர் குடியிருப்பில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். மாடி வீட்டு கேக் அக்காவின் ஏசி வந்து எங்கள் அறியாமையைப் போக்கியது.

அக்கா வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். க்ரீம் பூசிய கேக் சூடு தாங்காது. அதனால் வீட்டிலிருந்த ஒரே ஏசி அறையைக் கேக்குக்கு விட்டுவிட்டு, அவரும் கணவரும் கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொண்டார்கள். கேக்குக்கு வந்த யோகம் கட்டிய புருஷனுக்கு வரவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் சொல்வார்.

ஒருநாள் அந்த ப்ளோயர் திடீரென்று நின்றது. சற்று நேரம் கழித்துத் தானாகவே சுற்றியது. மறுபடி நின்றது. நிற்கும்போது உள்ளே பனி கட்டும், பிறகு அது உருகித் தரையில் சொட்டும், அறை வெந்துபோகும். ரோஜாப்பூ வைத்த கேக் ஒன்று, பூ எது இலை எது என்று தெரியாத கோலத்தில் ஒரு பிறந்தநாள் வீட்டுக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தது. இன்னும் இரண்டு இப்படித் திரும்பினால் தொழிலை இழுத்து மூட வேண்டியதுதான் என்று அக்கா கவலைப்பட்டார்.

குடியிருப்பவர்கள் ஏசியின் மூடியைத் தொடக் கூடாது என்பது விதி. அதனால் அக்காவின் கணவர் பராமரிப்புப் பிரிவுக்கு ஃபோன் செய்தார். மேற்பார்வையாளரே எடுத்தார்.

"ஓடுதா, ஓடலையா?"

"சில நேரம் ஓடுது சார்."

"அப்ப ஓடுது."

"இல்ல சார், சில நேரம் நிக்குது."

"முதல்ல ஓடுதுன்னு சொன்னது நீங்கதானே? நானா சொன்னேன்?"

பராமரிப்புப் பிரிவின் அகராதியில் இயந்திரங்கள் இரு வகைப்படும்: ஓடுபவை, ஓடாதவை. ஓடாதவற்றைப் பழுது பார்க்க வழியுண்டு. ஓடுபவற்றைத் திறப்பது அரசியல் சாசனத்தில் கைவைப்பதற்குச் சமம். ஆனாலும் மேற்பார்வையாளர் இரக்கக் குணம் உள்ளவர். நேரில் பார்த்து வரும்படி மெக்கானிக்கை அனுப்பினார்.

மெக்கானிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ப்ளோயர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஆய்வுக்கு வந்த அதிகாரியைக் கண்ட பள்ளிக்கூடம் மாதிரி அப்படி ஓர் ஒழுங்கு. அவர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றினார். காற்றில் கையை நீட்டிப் பார்த்து, இதைவிட நல்ல காற்று தலைமை அலுவலகத்திலேயே வருவதில்லை என்றார். டீ குடித்துவிட்டுப் படியிறங்கினார். ப்ளோயர் நின்றது. கூப்பிட்டார்கள். ஏறி வந்தார். சுற்றியது.

"நான் இருக்கற வரைக்கும் ஓடும்மா" என்றார் மெக்கானிக், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப இங்கயே இருந்துடுங்கண்ணா. கூடத்துல இன்னொரு பாய் போடறேன்" என்றார் அக்கா.

மெக்கானிக் மறந்துவிட்டுப் போன தொப்பியை அக்காவின் கணவர் ஏசியின் மேல் மாட்டிப் பார்த்தார். ஏசி ஏமாறவில்லை.

கடைசியில் அக்கா சப்பாத்தி தேய்க்கும் கட்டையால் அதன் விலாவில் ஒரு போடு போட்டார். சுற்றியது. இதைக் கேட்ட மெக்கானிக், அப்படியென்றால் உள்ளே மோட்டார் வயரின் ப்ளக் லூசாக இருக்கிறது, அழுத்திவிட்டால் போதும் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அழுத்த மூடியைத் திறக்க வேண்டும். திறக்க அனுமதி வேண்டும். அனுமதி ஓடாத இயந்திரத்துக்கு மட்டும்தான். "முழுசா நின்னுடுச்சுன்னா உடனே சொல்லுங்க, ஓடி வந்துடறேன்" என்றார். அவரும் என்ன செய்வார், பாவம்.

இந்தச் சமயத்தில்தான் மேற்பார்வையாளர் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பினார். அங்கே அவருக்குப் புது ஞானம் பிறந்திருந்தது. மனிதன் ஓயாமல் செய்வதால்தான் கெட்டுப்போகிறான். எதையும் இடைவெளி விட்டுச் செய்ய வேண்டும். சாப்பாட்டில் இடைவெளி, பேச்சில் இடைவெளி, வேலையில் இடைவெளி. கடைசியதில் பிரிவுக்கு ஏற்கெனவே நல்ல பழக்கம் இருந்ததால் சிரமம் இருக்கவில்லை. அக்காவின் கணவர் மறுபடி ஃபோன் செய்தபோது, மேற்பார்வையாளர் ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சை இழுத்து விட்டுப் பேசினார்.

"உங்க ஏசி... மூச்சு விடுது. நாமதான்... புரிஞ்சுக்கல."

மறுநாள் ஒரு குழுவோடு அவரே வந்தார். எல்லோரும் தரையில் உட்கார்ந்து ஏசியை அண்ணாந்து பார்த்தார்கள். அது நின்றது. எதிர்வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு, தொடர்ந்து வரும் காற்றில் இப்படி ஓர் அமைதி கிடையாது என்றார். வியர்வை அவர் காதோரம் வழிந்தது. உடம்பின் கழிவு வெளியேறுகிறது என்று குழுவில் ஒருவர் விளக்கினார்.

அந்த வாரமே 'இடைவெளித் தென்றல் திட்டம்' அறிவிக்கப்பட்டது. குடியிருப்பில் உள்ளவர்கள் விழுந்தடித்துக்கொண்டு ஃபோன் செய்தார்கள்: எங்கள் ஏசி மட்டும் நிற்காமல் ஓடுகிறதே, நாங்கள் என்ன பாவம் செய்தோம்? மெக்கானிக் வீடு வீடாகப் போய் மூடியைத் திறந்து ப்ளக்கைத் தளர்த்தினார். இதற்கு அனுமதி தேவைப்படவில்லை. பழுது பார்ப்பதற்குத்தான் அனுமதி, இது முன்னேற்றம்.

தொடக்க விழாவுக்குத் தலைமை அதிகாரி வருவதாக முடிவாயிற்று. விழா என்றால் கேக் வேண்டும். திட்டம் பிறந்த வீட்டிலேயே கேக்கும் செய்வதுதான் பொருத்தம் என்று, ஆளுயர ஏசி வடிவத்தில் ஒரு கேக் செய்யும்படி அக்காவிடம் சொல்லப்பட்டது. இது நல்லபடியாக நடந்தால் அலுவலக விழாக்கள் எல்லாவற்றுக்கும் இனி அக்காதான் என்று மேற்பார்வையாளர் வாக்குக் கொடுத்தார்.

அக்கா ஏசியின் மூடியை முறைத்துப் பார்த்தார். "என்னங்க, ஆளுயரம். அந்த ரூம்ல வச்சா முழங்கால் உயரம்தான் மிஞ்சும்" என்றார்.

கணவர் விதியை நினைவுபடுத்தினார். அக்கா அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, கேக் வெட்டும் கத்தியாலேயே மூடியின் திருகைக் கழற்றினார். உள்ளே வெள்ளை ப்ளக் ஒன்று பாதி கழன்று தொங்கியது. கட்டைவிரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான். ப்ளோயர் அதன்பிறகு நிற்கவே இல்லை. கேக் கல் போல நின்றது.

விழா மண்டபத்தில் மெக்கானிக் எல்லா ஏசியின் ப்ளக்கையும் முன்கூட்டியே தளர்த்தியிருந்தார். தலைமை அதிகாரி கோட்டு போட்டு வந்திருந்தார். அவர் பேச எழுந்ததும், திட்டத்தின் வெற்றியைக் காட்டுவது போல எல்லா ப்ளோயர்களும் ஒருசேர நின்றன. மண்டபம் இட்டிலிப் பானையாயிற்று. யாரும் விசிறிக்கொள்ளவில்லை, விசிறினால் திட்டத்துக்கு எதிரானவர் என்றாகிவிடும்.

அக்கா கேக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் அதன் முகத்தில் வியர்வை அரும்பியது. பிறகு தோள் தொங்கியது. "முன்னேற்றம் என்பது..." என்று தலைமை அதிகாரி இடைவெளி விட்ட நேரத்தில், கேக்கின் மேல்பாதி மெதுவாக, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேற்பார்வையாளரின் மடியில் போய் உட்கார்ந்தது.

மேற்பார்வையாளர் எழுந்திருக்கவும் முடியாமல் தலைமை அதிகாரியின் முகத்தைப் பார்த்தார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டார்.

தலைமை அதிகாரி கைதட்டினார். "அதுவும் ஓய்வெடுக்குது பாருங்க. என்ன கற்பனை" என்றார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மறுநாளிலிருந்து அக்காவின் ஃபோன் ஓயவில்லை. எல்லோருக்கும் சாய்ந்த கேக்தான் வேண்டும், அதுவும் இடைவெளித் தென்றலில் தானாகச் சாய்ந்ததாக இருக்க வேண்டும். நிமிர்ந்த கேக் பழைய காலத்து ஆசாமிகளுக்கு என்று பேச்சாகிவிட்டது. ஆனால் அக்காவின் அறையில் கேக் சாய மாட்டேன் என்றது. ஆறு ஆர்டர்களும் விறைப்பாக நின்றன. இரண்டு நாளில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொழில் போயிற்று.

மறுபடியும் விதியை மீற வேண்டாம் என்று கணவர் ஃபோனை எடுத்தார். "சார், எங்க வீட்டு ஏசி நிக்காம ஓடுது."

வைத்த ஃபோன் சூடு ஆறுவதற்குள் மெக்கானிக் ஓடிவந்தார். பிரிவு துவங்கிய நாள்தொட்டு இப்படி ஒரு வேகத்தை நாங்கள் கண்டதில்லை. அவர் மூடியைத் திறந்து, ப்ளக்கைத் தளர்த்தி, திருப்தியாக உட்கார்ந்து டீயைக் கையில் வாங்கினார். ப்ளோயர் நின்றது. அவரைப் பார்த்துவிட்டோ என்னவோ, மறுபடி ஓடியது.

மேற்பார்வையாளர் ஃபோனில் விசாரித்தார். "நிக்குதா, நிக்கலையா?"

"சில நேரம் நிக்குது சார்."

"அப்ப நிக்குது. சரியாயிடுச்சு."

அக்கா மெக்கானிக்கின் கையிலிருந்த டம்ளரை மெதுவாக வாங்கிக்கொண்டார். "நீங்க கிளம்புங்கண்ணா. நீங்க இருக்கற வரைக்கும் அது ஓடிக்கிட்டே இருக்கும்."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. புருஷனும் பெண்டாட்டியும் கேக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து, அது நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். கீழே வாசலில் ஆர்டர் கொடுத்திருந்த நாங்கள் ஆறு வீட்டுக்காரர்களும் வியர்க்க விறுவிறுக்க நின்று, இன்னும் சாயவில்லையா, இன்னும் சாயவில்லையா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.