வலது கதவில் எண்பத்தாறு

பேரன்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய ஆங்கெல் அண்ணனுக்கு, தங்கை சொரீனா எழுதுவது. இங்கே சிபியுவில் நானும் என் மருந்துக்கடையும் சுகம். உன் முழங்கால் வலி தணிந்திருக்கும், அண்ணி போட்ட முட்டைக்கோஸ் ஊறுகாய் பதமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

ஐம்பத்தாறு வயதில், ஐந்தாவது முயற்சியில் நான் லைசென்ஸ் வாங்கியபோது, "நீ ரோட்டுல இறங்காம இருந்தா அதுவே நாட்டுக்கு நல்லது" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், வீட்டுக்கு வந்து அழுதேன். அன்றிலிருந்து மழையில் ஒரு வளைவு வந்தாலே கை நடுங்கும். அதனால்தான் பழைய விமானத்தளத்தில் ஒரு கிளப் நடத்தும் ஓட்டநாளுக்குப் பெயர் கொடுத்தேன். சொந்தக் காரில், கூம்புகளுக்கு நடுவே, ஒவ்வொருவராக மூன்று தடவை ஓட்டலாம். நேரம் குறித்துத் தாளில் தருவார்கள். அந்தத் தாளை உனக்கு அனுப்ப வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசை. ஆனால் முதலில் காருக்கு ஓர் எண் வேண்டுமாம். ஏழு கேட்டேன், யாரோ எடுத்துவிட்டார்கள், பன்னிரண்டும் போய்விட்டது, கடைசியில் எண்பத்தெட்டு கிடைத்தது. இரண்டு கதவிலும் ஒரு சாண் உயரத்துக்கு ஒட்ட வேண்டும் என்றார்கள். மருந்துக்கடைக்காரிக்குப் பிளாஸ்திரிக்கா பஞ்சம்? ஒட்டிக்கொண்டு போனேன். பதிவு மேசைக்காரர் குனிந்தார், நிமிர்ந்தார், கண்ணாடியைத் துடைத்தார்.

"அம்மா, நம்பர் எங்க?"

"உங்க கண்ணு முன்னாடிதான் இருக்கு."

"காருக்கு அடிபட்டுக் கட்டுப் போட்டிருக்கீங்கன்னுல்ல நெனச்சேன்."

வெளிர்மஞ்சள் காரில் தோல்நிறப் பிளாஸ்திரி, அண்ணா. அவரே கறுப்பு டேப் கொடுத்தார். தூசியைத் துடைக்காமல் அவசரமாக அதன் மேலேயே ஒட்டினேன். முதல் சுற்றில் மூன்று கூம்புகள் சாய்ந்தன, இரண்டாவதில் ஒன்று. மூன்றாவது சுற்றில் மழை கொட்டியது. வளைவு வந்தது, என் கை நடுங்கவில்லை. அது எனக்கே வண்டியை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. நேரம் எழுதும் பலகையைப் போய்ப் பார்த்தால் எண்பத்தெட்டுக்கு எதிரே மூன்றாம் கட்டம் காலி. "நீங்க மூணாவது ஓடவேயில்லையே" என்றார்கள். வலது கதவில் கடைசி எட்டின் ஒரு துண்டு காற்றோடு போய், எட்டு ஆறாகியிருந்தது. நேரம் குறிப்பவர் உட்கார்ந்திருந்தது வலப்பக்கம்; என் நேரம் எண்பத்தாறின் கணக்கில் ஏறிவிட்டது.

உண்மையான எண்பத்தாறு, டிட்டுஸ் என்ற பெரிய உருவமுள்ள பேக்கரிக்காரர். "நான் நாலாவது வந்துட்டேன்" என்று மனைவியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு என் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அக்கா, மூணாவது சுத்துல நான் சேத்துல மாட்டிக்கிட்டேன், டிராக்டர்தான் வந்து இழுத்துச்சு. இது உங்க நேரம்."

"வீட்ல சொல்லிட்டீங்களே?"

"அவ நம்பல."

அவரே மேசைக்குப் போய்த் தாளைத் திருத்தி வாங்கி வந்தார். பன்னிரண்டு பேரில் நான் நான்காவது. தாள் இத்துடன் இருக்கிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

பயப்படாதே. உன் ஊருக்கு வரும் ஓல்ட் ஆற்றங்கரைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நான் ஓட்டி வரமாட்டேன் என்று அண்ணிக்குக் கொடுத்த வாக்கு வாக்குதான். உன் பெயர்நாள் திருவிழாவுக்கு ரயிலில் வருகிறேன். உன் வீட்டில் ரொட்டியும் அமைதியும் குறையாதிருக்கட்டும்.

உன் தங்கை,
சொரீனா

பி.கு.: ரயில் நிலையத்துக்குத் திரும்பும் இடத்தைத் தவறவிட்டேன், பிறகு திரும்பிப் போக மனம் வரவில்லை. வழி முழுக்க மழை. இதை உன் தபால் பெட்டியில் நானே போடுகிறேன். சீக்கிரம் இறங்கி வந்து கேட்டைத் திற, எனக்குப் பின்னால் ஒரு லாரி காத்திருக்கிறது.