இரண்டு கிராம் நீலம்

நீலச் சாயத்தில் இரண்டு கிராம் குறைந்திருந்தது. ஒரு டிரம்முக்கு இருநூற்றுப் பதினான்கு கிராம் என்று எப்போதும் காட்டும் சாயக் கணக்குப் புரோகிராம், திங்கட்கிழமை காலை இருநூற்றுப் பன்னிரண்டு என்றது.

பெயிண்ட் கம்பெனியின் கம்ப்யூட்டர்காரர் மறுபடி ஓட்டிப் பார்த்தார்; அதே பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸைப் புதுப்பித்தவர் அவர்தான். அதோடு, புரோகிராம்களை ஓடும்படி தயாரித்துக் கொடுக்கும் கம்பைலரும் புதிதாகிவிட்டது. சாயப் புரோகிராமையும் அதிலேயே மறுபடி தயாரித்திருந்தார்.

மேனேஜர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணும் புரிய வேண்டாம் தம்பி. சனிக்கிழமை வந்த நம்பர் வரணும். வந்தா நாளையிலிருந்து உங்களுக்கு லீவு. வரலைன்னா இங்கேயேதான்."

மூன்று வருடத்தில் முதல் லீவு அது. வீட்டில் மனைவி பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

பழைய கம்பைலரைத் தேடினார். அப்படி ஒரு ஆள் இருந்ததாகவே புதிய லினக்ஸ் காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பழைய டிஸ்க்கிலிருந்து எடுத்துப் போட்டார். அது தன் காலத்துத் துணைப் புரோகிராம்களான லைப்ரரிகளும் கூடவே வேண்டுமென்று அடம்பிடித்தது. அவற்றையும் போட்டார். லேபிள் அடிக்கும் பிரிண்டர் நின்றது. பிரிண்டருக்காக எல்லாவற்றையும் பழையதற்கே திருப்பினார். வாசல் கதவு பூட்டிக்கொண்டது. அதற்கும் இதே கம்ப்யூட்டர்தான். சாப்பிட வெளியே போயிருந்த பதினொரு பேர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அவரையே பார்த்தார்கள்.

மனைவி போன் செய்தாள்.

"நீங்க வர்றீங்களா, இல்ல உங்க சட்டைங்களை மட்டும் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"வந்துடுவேன்."

"சட்டைங்க இப்படிச் சொல்லி ஏமாத்தறதில்ல."

கடைசியில் போட்டதையெல்லாம் பிடுங்கி எடுத்தார். பழைய கம்பைலரை யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு தனி ஃபோல்டரில் உட்காரவைத்து, சாயப் புரோகிராமை மட்டும் அதில் தயாரித்தார். காலையிலேயே செய்திருக்க வேண்டிய வேலை. கதவு திறந்தது. பிரிண்டர் லேபிள்களைத் துப்பியது. திரையில் இருநூற்றுப் பதினான்கு.

அவருக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. லீவுத் தாளை நீட்டினார். மேனேஜர் பேனாவைத் திறந்தார்.

அப்போதுதான், சாயம் கலக்கும் அம்மாள் அடுத்த நாள் கணக்கை வாங்கிப்போக உள்ளே வந்தார். காலையிலிருந்து அவரை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. கணக்குத் தாளை வாங்கிப் பார்த்தவர் முகம் வாடியது.

"பதினாலு வருஷமா இது ரெண்டு கிராம் அதிகமாத்தான் காட்டும், நான்தான் குறைச்சுப் போட்டுட்டு இருக்கேன், இன்னிக்குக் காலையில ஒரு தடவை சரியா வந்துச்சு, அதையும் கெடுத்துட்டீங்களா சார்?"