அயிந்தா சார்

கல்லூரிகளில் ஒரு வகை மனிதர் உண்டு. பாடம் நடத்துவதைவிட, பாடம் எப்படி நடந்தது என்று பிள்ளைகளிடம் எழுதி வாங்குவதில்தான் அவருக்கு உயிர். திருப்பதிக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே ஒரு தனியார் கல்லூரியில் அவர் பெயர் வேதாச்சலம். பிள்ளைகள் வைத்த பெயர் அயிந்தா சார்.

ஆசிரியர்களுக்கு மதிப்பெண் போடும் ஆன்லைன் ஃபாரம் திறந்த நாளிலிருந்து அவர் வாயில் வணக்கம் கிடையாது. 'முடிந்ததா' என்பதற்குத் தெலுங்கில் 'அயிந்தா?', அது ஒன்றுதான். பஸ்ஸிலிருந்து ஒரு காலை இறக்கியவனிடம், கேன்டீனில் வாய் நிறைய உப்புமாவோடு இருந்தவளிடம், கழிப்பறைக் கதவுக்கு வெளியே நின்று உள்ளே இருந்தவனிடம் எல்லாம் அதே கேள்வி. உள்ளே இருந்தவன் எதை நினைத்து 'அயிந்தி', முடிந்தது, என்றானோ, இவர் பட்டியலில் டிக் அடித்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆய்வுக்குழு வருகிறது. நூற்றுக்கு நூறு பேர் நிரப்பினால் சாருக்கு மேடையில் பாராட்டுப் பத்திரம். என்ன நிரப்பினார்கள்? அது யாருக்கு வேண்டும்! அந்த ஃபாரத்தை அவர் ஒருமுறையாவது திறந்து பார்த்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? நீங்கள் வெகுளி.

தமிழ்நாட்டு எல்லையோரச் சாந்திபுரத்துத் தேவேந்திரன்தான் சந்தேகம் கேட்டான். அவன் வீட்டில் அவன்தான் முதல் டிகிரி. எதையும் தப்பில்லாமல் செய்ய வேண்டும் என்ற பயம்.

"சார், ஒன்னுலேர்ந்து அஞ்சு வரிக்கும் கீது. எது சார் ஒசத்தி?"

"காலைல இன்னாப்பா துன்ன? ஃபர்ஸ்ட்டு வந்தவனுக்குக் கப்பு குடுப்பாங்களா, அஞ்சாவது வந்தவனுக்கா? ஒன்னுதான் ஒசத்தி. கிளாசுக்கே சொல்லிடு. அயிந்தா?"

அயிந்தி. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்களுக்குச் சாயங்காலம் தனியாக உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்த ஒப்பந்த ஆசிரியை யமுனாவுக்கு, பதினைந்து கேள்விக்கும் பக்தியோடு ஒன்று. பழுத்துப்போன நோட்டைப் படித்துக்காட்டி, நடுநடுவே தானே கொட்டாவி விடும் திருவேங்கடம் சாருக்கு, பழி தீர்க்க ஐந்து.

கம்ப்யூட்டருக்கு ஐந்துதான் ஒசத்தி.

சனிக்கிழமை அறிவிப்புப் பலகையில் சிறந்த ஆசிரியர் திருவேங்கடம். சேதி போனபோது அவர் தூக்கத்தில் இருந்தார். கடைசி இடத்தில் யமுனா, ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது. தேவேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. அயிந்தா சாரிடம் ஓடினான்.

"சார், தலைகீழா போட்டுக்கினோம் சார்! இன்னொரு தபா தொறந்து வுடுங்க. மேடத்துக்கு வேலையே போவுது!"

வேதாச்சலத்தின் மனசு இளகத்தான் செய்தது. பாவம், நல்ல பொண்ணு. மவுஸ்மேல் கைகூட வைத்துவிட்டார். திரை எச்சரித்தது: மறுபடி திறந்தால் பழைய பதில்கள் அழியும். பாதிப் பிள்ளைகள் ஊருக்கு ரயிலேறியாயிற்று. அப்படியென்றால் நூற்றுக்கு நூறு என்ன ஆவது? கையை எடுத்துக்கொண்டார்.

"சிஸ்டம் ஒத்துக்கலப்பா. உன் குறைய எழுதறதுக்குத் தனியா ஒரு ஃபாரம் கீது, லிங்க் அனுப்பறேன்."

சாயங்காலம் வாசலில் யமுனா, கையில் அட்டைப்பெட்டியோடு. எதிரே வந்த சாரின் பழகின நாக்கு தானாகக் கேட்டது: "அயிந்தா மேடம்?"

"அயிப்போயிந்தி சார், எல்லாமே முடிஞ்சுபோச்சு."

இந்த ஆளை உங்களுக்கும் தெரியும் என்று சிரிக்கிறீர்கள். சந்தோஷம். போன வாரம் நாலு வாட்ஸ்அப் குழுவுக்கு 'அனைவரும் கட்டாயம் நிரப்பவும்' என்று ஒரு லிங்க் அனுப்பினீர்களே, அதை நீங்கள் திறந்து பார்த்தீர்களா? வாயால் சொல்ல வேண்டாம். ஒன்றிலிருந்து ஐந்துக்குள் போட்டால் போதும்.