லோகு வாங்கிய பத்தாயிரம் வாலா

இந்தத் தீபாவளிக்கு மாமியார் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று லோகு சபதம் எடுத்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பதினோரு தீபாவளியும் அச்சரப்பாக்கத்தில்தான் விடிந்தது. போதும்டா சாமி!

லோகு சதுரங்கப்பட்டினத்தில் மீன் ஏலம் எடுப்பவன். வஞ்சிரத்துக்கு அவன் விலை கேட்டால் படகுக்காரனுக்குக் காய்ச்சல் வரும். கோபத்தில் வெங்காய வெடி. கீழே விழுந்தாலே வெடிப்பான். அப்பேர்ப்பட்டவனை எதிர்வீட்டு சுதாகர் ‘வெத்துவேட்டு’ என்று சொல்லிவிட்டான்.

"சத்தமெல்லாம் கடற்கரையிலதான். பண்டிகைன்னா பொண்டாட்டி பின்னால பொட்டி தூக்கினு போயிடுவாரு அண்ணாத்த."

லோகுவுக்குத் திரி பற்றிக்கொண்டது. நடுத்தெருவில் நின்று கத்தினான்.

"தீபாவளி அன்னிக்கு, காலைல ஆறு மணிக்கு, இதே தெருவுல பத்தாயிரம் வாலா! தெரு ஆடல, என் பேரு லோகு இல்ல!"

கடைக்காரனோடு அரைநாள் மல்லுக்கட்டி வாங்கினான். கொசுறாக இரண்டு பெட்டி மத்தாப்பும் பிடுங்கினான். கடல் காற்றில் வெடி நமுத்தால் மானமும் நமுத்துவிடுமே! மொட்டை மாடியில் சரத்தைக் காயவைத்து, கருவாடு புரட்டுவதுபோல் மணிக்கொரு தரம் புரட்டினான்.

பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்காலம் மாடி ஏறினால் வெறும் தரை.

"அடியே சம்பூர்ணம்! வெடி எங்க?"

"அச்சரப்பாக்கத்துக்கு அனுப்பிட்டேன்." அவள் நிதானமாக அதிரசத்தைத் திருப்பிப் போட்டாள்.

"இன்னாது?"

"இங்க காத்து ஒரே ஈரமா கீது. அங்க நல்லா காயும்யா."

"என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

"நீ குறட்ட வுட்டுகினு இருந்தே. இப்ப இன்னா? போவலன்னா வுடு. என் தம்பி ஆனந்தன் கொளுத்திடுவான். அவனுக்கு வெடின்னா உசுரு."

லோகுவுக்கு வயிறு எரிந்தது. அரைநாள் தொண்டை கிழியப் பேசி வாங்கிய சரத்துக்கு மச்சினன் தீ வைப்பதா? தெருவில் முடியாவிட்டாலும் போகிறது, திரியாவது தன் கையால் பற்ற வேண்டும்.

"கெளம்புடி!"

பை ஏற்கெனவே கட்டியிருந்தது. அவன் வேட்டிகூட இஸ்திரி போட்டு உள்ளே இருந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அவன் இல்லை.

விடிந்தது. பன்னிரண்டாவது தடவையாக அதே மணையில் உட்கார்ந்தான். மாமியார் உச்சந்தலையில் எண்ணெய் வைத்தாள். மணி ஆறு.

"ஆனந்தா, சரத்தை எடுத்தா!"

"எந்தச் சரம் மாமா?"

லோகு திரும்பிப் பார்த்தான். சம்பூர்ணம் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"வெடிய பஸ்ல ஏத்துவாங்களாய்யா? ஊரையே ஏலம் எடுக்கற, இதுகூடத் தெரியாதா?"

"அப்ப... எங்கடி கீது?"

"சுதாகர்கிட்ட குடுத்துட்டு வந்தேன். ஊரறியச் சொல்லிட்ட. சொன்ன சொல்லு தப்பலாமா?"

செல்போன் அடித்தது. நெற்றியில் எண்ணெய் வழிய, காதில் வைத்தான். மறுமுனையில் படபடவென்று ஒரு நிமிஷத்துக்கு இடி. அது ஓய்ந்ததும் சுதாகர் குரல் உருகி வந்தது.

"அண்ணாத்த, தெருவே ஆடிப்போச்சு! நெருப்பப் பாத்தா உனக்கு வலிப்பு வரும்னு அண்ணி சொன்னப்பதான் எங்களுக்கே தெரியும்... இனிமே வருஷா வருஷம் நாங்களே கொளுத்திடறோம், நீ பயப்படாம மாமியார் வூட்டுல இரு."